ஊர் மிக்ஸியைச் சிங்கப்பூர்ச் சுவரில் செருகுவதற்கு முன்

சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கும் நம் ஊர்ப் பெட்டிகளில் பருப்புப்பொடி, புளி, ஊறுகாய்க்கு அடுத்தபடியாக இருப்பது மிக்ஸிதான். அப்புறம் அயன்பாக்ஸ், சிலர் இண்டக்‌ஷன் அடுப்புகூடக் கொண்டுவருவார்கள். தங்குவிடுதியிலோ வாடகை அறையிலோ பெட்டியைப் பிரித்துவிட்டுச் சுவரைப் பார்த்தால் அங்கே மூன்று தட்டையான ஓட்டைகள், கையில் இருப்பதோ உருண்டைக் கால் பிளக். உடனே கீழே இருக்கும் கடைக்குப் போய் இரண்டு மூன்று வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒரு அடாப்டரை வாங்கிச் செருகிவிட்டு அத்தோடு மறந்துவிடுவதுதான் வழக்கம். மிக்ஸியும் ஓடும். ஆனால் அந்த அடாப்டருக்குள் எர்த் கம்பி, அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் பாதுகாப்புக் கம்பி, போகிறதா, அறுந்து நிற்கிறதா என்பதை மிக்ஸி ஓடுவதை வைத்துச் சொல்லவே முடியாது. கரண்டைக் கொண்டுவரும் ஃபேஸும் அதைத் திருப்பி எடுத்துப்போகும் நியூட்ரலும் இருந்தால் எதுவும் ஓடும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பிளக் சுவரில் பொருந்துகிறதா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். சுவரில் இருக்கும் எர்த், பொருளின் உலோக உடம்பு வரைக்கும் போய்ச் சேருகிறதா என்பதைத்தான் படிப்படியாகப் பார்க்கப்போகிறோம். முதல் இரண்டு படிகளுக்குக் கண் மட்டும் போதும், ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம்.

படி 1: லேபிளைப் படியுங்கள்

பொருளின் அடியிலோ பின்புறமோ ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சிங்கப்பூரிலும் அதேதான், மலேசியாவும் இலங்கையும் அப்படியே. ஆகவே தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கொண்டுவந்த பொருளுக்கு டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் தேவையில்லை, யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள்.

சிக்கல் ஜப்பான், தைவான், அமெரிக்கா பக்கமிருந்து வரும் பொருள்களில்தான். அங்கெல்லாம் முறையே 100, 110, 120 வோல்ட். சூடாக்கும் பொருள்களில் வோல்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்காகும். 100 வோல்ட்டுக்குச் செய்த டோக்கியோ ரைஸ் குக்கரை இங்கே 230 வோல்ட்டில் செருகினால் ஐந்து மடங்குக்கும் மேல் இழுக்கும், சோறு வேகுமுன் குக்கர் வெந்துவிடும். அமெரிக்காவிலிருந்து சித்தி அனுப்பிய ஹேர் டிரையருக்கும் அதே கதிதான். அடாப்டர் காலின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இந்த ஒரு விஷயத்தைத் தெரியாமல் பொருளை எரித்தவர்கள் ஏராளம். லேபிளில் '100–240' என்று போட்டிருந்தால் கவலையே இல்லை. போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் எல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்.

அதே லேபிளில் வாட் எவ்வளவு என்று பார்த்து, அதை 230ஆல் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். 750 வாட் மிக்ஸி என்றால் சுமார் மூன்றேகால் ஆம்ப்ஸ். 1000 வாட் அயன்பாக்ஸ் நாலரைக்குக் கொஞ்சம் குறைவு. 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்பதை நெருங்கும். ஃபியூஸ் போடும் இடத்தில் இந்தக் கணக்கு வேண்டும்.

படி 2: எர்த் வேண்டிய பொருளா, வேண்டாத பொருளா

லேபிளிலேயே இன்னொன்றையும் தேடுங்கள்: ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சின்னச் சதுரம். அந்தக் குறி இருந்தால் உள்ளே இரட்டைக் காப்பு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மின்சாரம் ஓடும் பாகத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவே இரண்டு அடுக்குக் காப்பு இருப்பதால் எர்த் தேவையில்லை, இரண்டு கால் பிளக் போதும். போன் சார்ஜர், டிரிம்மர், பெரும்பாலான ஹேர் டிரையர்கள் இந்த வகை.

குறி இல்லை, பொருளும் மூன்று கால் பிளக்கோடு வந்திருக்கிறது என்றால் எர்த் கட்டாயம். அயன்பாக்ஸை எடுத்துக்கொள்வோம். அடித்தகடு முழுக்க உலோகம், அதற்குள் சூடாகும் கம்பி. சில வருஷம் ஆனதும் உள்ளே காப்பு உதிர்ந்து ஃபேஸ் கம்பி தகட்டில் உரசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த் கம்பி அந்தத் தகட்டோடு இணைந்திருந்தால், கரண்ட் தடையில்லாத அந்தப் பாதையில் மொத்தமாகப் பாய்ந்து, அதே கணத்தில் ஃபியூஸ் போகும் அல்லது பிரேக்கர் விழும். நீங்கள் தொடுவதற்கு முன்பே பெட்டி செத்துவிடும். எர்த் இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது. அயன்பாக்ஸ் வழக்கம்போல் சூடாகும், சட்டையும் மடிப்புக் கலையாமல் வரும், 230 வோல்ட் தகட்டில் உட்கார்ந்தபடி உங்கள் விரலுக்காகக் காத்திருக்கும். குளித்துவிட்டு ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் நின்று தொட்டால் அப்போது எர்த் நீங்கள்தான்.

மூன்றாவது காலை அறுத்துவிட்டோ, எர்த் போகாத அடாப்டரில் செருகியோ ஓட்டுகிறவர்கள் 'இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே' என்பார்கள். உண்மைதான், எர்த் கம்பிக்குச் சாதாரண நாளில் வேலையே கிடையாது. காப்பு உதிரும் நாளுக்காகத்தான் அது இருக்கிறது.

படி 3: இங்குள்ள சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவின் உருண்டைக் காலும் இங்குள்ள தட்டைக் காலும் இரண்டுமே பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப் போனவைதான். பிரிட்டனில் முதலில் பிஎஸ் 546 என்ற உருண்டைக் கால் தரம் இருந்தது. ஊரில் நாம் 5 ஆம்ப்ஸ், 15 ஆம்ப்ஸ் என்று சொல்லிப் பழகிய பிளக்குகள் (புதுப் பொருள்களில் 6, 16 என்று போட்டிருக்கும்) அந்த வழியில் வந்தவை. பயணிகளுக்கான பிளக் அட்டவணைகளில் சின்னதை 'டி' வகை, பெரியதை 'எம்' வகை என்பார்கள். பிரிட்டன் 1947இல் பிஎஸ் 1363 என்ற தட்டைக் கால் தரத்துக்கு மாறியது, சிங்கப்பூரும் மலேசியாவும் அதன் பின்னால் போயின, இந்தியா உருண்டையிலேயே நின்றுவிட்டது. தட்டைக் காலுக்கு 'ஜி' வகை என்று பெயர்.

இந்த 'ஜி' வகை பருமனாக, காலில் மிதித்தால் உயிர் போகிற மாதிரி இருந்தாலும் யோசித்துச் செய்யப்பட்டது. சாக்கெட்டில் ஃபேஸ், நியூட்ரல் ஓட்டைகளைச் சின்ன மூடிகள் அடைத்திருக்கும், குழந்தை கம்பியை விட்டாலும் உள்ளே போகாது. மேலே உள்ள எர்த் கால் மற்ற இரண்டைவிட 5 மில்லிமீட்டர் நீளம், அதனால் அதுதான் முதலில் நுழைந்து மூடிகளைத் திறக்கும். கழற்றும்போதும் கடைசியாக விடுபடுவது அதுதான், ஆக எர்த் இல்லாமல் ஃபேஸ் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் நிலையே வராது. ஃபேஸ், நியூட்ரல் கால்களின் அடிப்பாகத்தில் கறுப்புக் காப்பு இருக்கும், பாதி இழுத்த பிளக்கில் விரல் பட்டாலும் ஷாக் அடிக்காமல் இருக்கத்தான் அது. பிளக்குக்குள்ளேயே ஒரு ஃபியூஸும் உண்டு.

இந்த மூடிகளை ஏமாற்றும் வித்தை தங்குவிடுதிகளில் எல்லோருக்கும் தெரியும். எர்த் ஓட்டையில் பென்சிலையோ பேனா முனையையோ விட்டு அழுத்தினால் கீழே இருக்கும் மூடிகள் திறக்கும், இரண்டு கால் பிளக்கை அப்படியே தள்ளிவிடலாம். தட்டைக் காலுக்குச் செய்த செப்பு நாக்குகளுக்கு நடுவே 4 மில்லிமீட்டர் உருண்டைக் கால் ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். தொடும் இடம் சின்னதானால் அங்கே சூடு. அப்படிச் செருகிப் பழகிய சாக்கெட்டை உற்றுப் பாருங்கள்: ஓட்டையின் ஓரம் டீக்கறை நிறத்தில் மங்கியிருக்கும், பிளக்கை இழுத்தால் கால் லேசாகக் கறுத்திருக்கும், கெட்டுப்போன மீன் வாடை மாதிரி ஒன்று அடிக்கும். பிளாஸ்டிக் வேகத் தொடங்கிவிட்டது என்பதற்கு அந்த வாடைதான் அடையாளம். போதாததற்கு அந்தப் பழைய பிளக்கில் ஃபியூஸும் கிடையாது. பென்சிலுக்குப் பதில் சாவியை விடுகிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

படி 4: அடாப்டரா, கம்பியா, தலையா

பொருளைச் சுவரோடு சேர்க்க மூன்று வழி இருக்கிறது. நல்லதிலிருந்து சொல்கிறேன்.

பொருளில் கம்பி தனியாகக் கழன்று வருமா என்று முதலில் பாருங்கள். லேப்டாப் சார்ஜர், கம்ப்யூட்டர், மானிட்டர், பிரிண்டர், சில ரைஸ் குக்கர்களில் வரும். அப்படியானால் அடாப்டர் பற்றிய பேச்சே வேண்டாம், இந்தியக் கம்பியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு இங்குள்ள மூன்று கால் பிளக்கோடு வரும் கம்பியை வாங்கிவிடுங்கள். லேப்டாப் சார்ஜரின் பின்னால் மூன்று வட்டம் ஒட்டிய மாதிரி இருக்கும் துளைக்கு 'மிக்கி மவுஸ் கேபிள்' என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். சில வெள்ளிதான் ஆகும்.

கம்பி கழலாத மிக்ஸி, கிரைண்டர், அயன்பாக்ஸ் மாதிரிப் பொருள்களுக்குப் பிளக்கையே மாற்றுவதுதான் சரி. லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கத்து எலக்ட்ரிக்கல் கடைகளில் போய் "அண்ணே, மிக்ஸிக்கு அடாப்டர் இருக்கா?" என்று கேட்டால், விவரம் தெரிந்தவராக இருந்தால் "அடாப்டர் எதுக்குத் தம்பி, தலையை மாத்திட்டுப் போங்க" என்பார். கேட்டுக்கொள்ளுங்கள். வாரன்டி இருக்கும் பொருள் என்றால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், கம்பியோடு ஒன்றாக வார்த்த பிளக்கை வெட்டினால் சில கம்பெனிகள் வாரன்டியைக் கழற்றிவிடும்.

நீங்களே மாற்றுவதானால் இப்படி. பழைய பிளக்கை வெட்டி எடுத்ததும் முதலில் அதைக் குப்பையில் போடுங்கள், அறுந்த கம்பியோடு கிடக்கும் பிளக்கை யாராவது விளையாட்டாகச் செருகிவிடக்கூடும். புதுப் பிளக்கின் மூடியைத் திறந்து, கால்கள் உங்களைப் பார்க்காமல் அந்தப் பக்கம் இருக்கும்படி பிடியுங்கள். மேலே எர்த், வலது பக்கம் ஃபியூஸோடு சேர்ந்திருப்பது ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். கம்பியின் நிறம்: பழுப்பு ஃபேஸுக்கு, நீலம் நியூட்ரலுக்கு, பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த்துக்கு. இந்தியாவில் செய்த பொருள்களில் இன்னும் சிவப்பு, கறுப்பு, பச்சை வருவதுண்டு. அதில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இங்கே பழைய வீடுகளின் சுவருக்குள்ளும் அந்தப் பழைய நிறங்கள்தான் இருக்கும், சிங்கப்பூர் 2009இல்தான் புது நிறத்துக்கு மாறியது. ஆனால் சுவருக்குள் இருப்பது உங்கள் வேலையல்ல, அதைத் தொட உரிமம் பெற்ற மின்பணியாளர் வேண்டும்.

எர்த் கம்பியை மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாக விட்டு மாட்டுங்கள். யாராவது கம்பியில் இடறி இழுத்தால் ஃபேஸ் முதலில் பிடுங்கிக்கொண்டு வரட்டும், எர்த் கடைசிவரை நிற்கட்டும். செப்பு இழைகளை முறுக்கி, ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் திருகை இறுக்குங்கள். கீழே கம்பியைப் பிடிக்கும் கவ்வி, கம்பியின் வெளி உறையைக் கவ்வ வேண்டும், உள்ளே இருக்கும் நிறக் கம்பிகளை அல்ல. அவசரத்தில் மாட்டிய பத்துப் பிளக்கில் பாதி இந்தக் கவ்வியில்தான் கோட்டை விட்டிருக்கும். இதெல்லாம் பழக்கமில்லை என்றால் கடையிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது வழிதான் அடாப்டர். இரட்டைச் சதுரக் குறி உள்ள சின்னச் சார்ஜர்களுக்கு அது தாராளமாகப் போதும். மூன்று கால் பொருளுக்கு வாங்குவதானால், அடாப்டரைத் திருப்பி அதன் எர்த் காலைப் பாருங்கள். பிளாஸ்டிக்காக இருந்தால் அது மூடியைத் திறக்க மட்டும்தான், எர்த் போகாது. உலோகமாக இருந்தாலும் முன்பக்கத்துப் பெரிய ஓட்டைக்குள் உலோக நாக்கு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், சிலதில் ஓட்டை மட்டும் இருக்கும், உள்ளே காற்று. 'உலகம் முழுவதற்கும் ஒரே அடாப்டர்' என்று விற்கிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. எல்லாக் காலும் நுழையும் ஓட்டை எந்தக் காலையும் இறுக்கிப் பிடிக்காது, எர்த்தும் பலதில் கிடையாது. ஊரிலிருந்து கொண்டுவரும் ஸ்பைக் பஸ்டர் என்ற நீட்டிப்புப் பலகையும் இதே கூட்டம்தான், ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

எதை வாங்கினாலும் பாதுகாப்புக் குறியைத் தேடுங்கள். சிங்கப்பூரில் 33 வகை வீட்டுப் பொருள்களைப் பதிவு செய்து 'சேஃப்டி மார்க்' முத்திரையோடுதான் விற்க வேண்டும், மூன்று கால் பிளக்கும் அடாப்டரும் நீட்டிப்புப் பலகையும் அந்தப் பட்டியலில் உண்டு. முத்திரையோடு எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைக்கும் மலிவு அடாப்டர்களில் இதை எதிர்பார்க்காதீர்கள்.

படி 5: ஃபியூஸ்

புதுப் பிளக் வாங்கினால் உள்ளே பெரும்பாலும் 13 ஆம்ப்ஸ் ஃபியூஸ் இருக்கும், எல்லோரும் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். முதல் படியில் வகுத்த கணக்கை இப்போது எடுங்கள். சுமார் 700 வாட் வரைக்கும் 3 ஆம்ப்ஸ், சிவப்பு நிறத்தில் இருக்கும். அதற்கு மேல் என்றால் 13, பழுப்பு நிறம். மிக்ஸிக்கு 3 போட்டால் போய்விடக்கூடும், 5 ஆம்ப்ஸ் கிடைத்தால் அது பொருத்தம், கிடைக்காவிட்டால் 13. டேபிள் விளக்குக்கும் ஃபேனுக்கும் 3 போதும்.

இந்த ஃபியூஸ் எதற்கு என்று ஒரு வார்த்தை. இங்கே ஒரே சர்க்யூட்டில் பல சாக்கெட்டுகள் இருக்கும், அதற்கான பிரேக்கர் 20 அல்லது 32 ஆம்ப்ஸ். அந்த அளவு கரண்ட் உங்கள் விளக்கின் நூல் மாதிரிக் கம்பியில் ஓடினால் கம்பி பற்றிக்கொள்ளும், அதைத் தடுக்கத்தான் பிளக்குக்குள் தனி ஃபியூஸ். அது கம்பியைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. ஒரு ஆளைக் கொல்ல ஒரு ஆம்ப்ஸில் சின்னப் பங்கு போதும், 13 ஆம்ப்ஸ் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. ஃபியூஸ் போனால் வெள்ளிக்காகிதம் சுற்றும் வைத்தியத்தை ஊரோடு விட்டுவிடுங்கள்.

சில வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளின் சமையலறையிலோ ஏர்கான் பக்கத்திலோ உருண்டை ஓட்டையோடு ஒரு பெரிய சாக்கெட் இருக்கும். அது 15 ஆம்ப்ஸ், நம் ஊர்ப் பெரிய பிளக்கின் அதே பிஎஸ் 546 வம்சம், அதனால் இண்டக்‌ஷன் அடுப்பின் 16 ஆம்ப்ஸ் பிளக் அதில் அப்படியே இறங்கும். புதிதாக வந்தவர்களுக்கு ஊரைப் பார்த்த சந்தோஷம்! ஆனால் அந்தப் பிளக்கில் ஃபியூஸ் கிடையாது, அந்தச் சாக்கெட் ஓவன் அடுப்புக்கோ ஏர்கானுக்கோ என்று தனியாக இழுத்தது. வீட்டுக்காரரைக் கேட்காமல் அதில் வேறெதையும் செருகாதீர்கள். வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் கம்பியைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள், எந்தச் சாக்கெட்டானாலும் சரி.

படி 6: வாடகை வீட்டில் முதல் வாரம்

வாசல் கதவுக்கு மேலேயோ ஸ்டோர் ரூம் பக்கத்திலோ மின்பெட்டி இருக்கும். திறந்தால் வரிசையாகச் சின்ன பிரேக்கர்கள், அவற்றோடு சற்று அகலமாக, ஒரு சோதனைப் பொத்தானோடு இருப்பது ஆர்சிசிபி. ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்ப்ஸ் அளவு வேறு வழியில், அதாவது உங்கள் உடம்பு வழியாக ஒழுகினாலும் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். ஃபியூஸ் கம்பிக்கு என்றால் ஆர்சிசிபி ஆளுக்கு.

சிங்கப்பூரில் 1985 முதல் புது வீடுகளில் இது கட்டாயம். அதற்கு முந்தைய சில வீடுகளில் இல்லாமல் இருந்தது, அதற்கும் எரிசக்திச் சந்தை ஆணையம் 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் இருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்து, பொருத்திக்கொள்ள 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசமும் முடிந்துவிட்டது. ஆகவே நீங்கள் வாடகைக்குப் போகும் பழைய வீட்டில் ஆர்சிசிபி இல்லாவிட்டால், "அங்கிள், பெட்டியில ஆர்சிசிபி காணோமே" என்று வீட்டுக்காரரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்பது இன்னும் நல்லது.

மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்துங்கள். வீட்டில் மற்றவர்களிடம் சொல்லிவிட்டு அழுத்துங்கள், ஃபிரிட்ஜும் வைஃபையும் சேர்ந்து நிற்கும், ஆன்லைன் மீட்டிங்கில் இருக்கும் ரூம்மேட்டின் சாபம் பொல்லாதது. அழுத்தியதும் நெம்புகோல் டக்கென்று விழ வேண்டும், விழாவிட்டால் ஆர்சிசிபி கெட்டுவிட்டது, மின்பணியாளரை அழைக்க வேண்டும். ஒன்று: இந்தப் பொத்தான் ஆர்சிசிபியைத்தான் சோதிக்கிறது, எர்த் கம்பியை அல்ல. எர்த் அறுந்திருந்தாலும் பொத்தான் சமர்த்தாக வேலை செய்யும். எர்த்துக்கு மூன்று விளக்குள்ள சாக்கெட் டெஸ்டர் கிடைக்கிறது, ஒவ்வொரு சாக்கெட்டிலும் செருகினால் எந்தக் கம்பி இல்லை, எது மாறியிருக்கிறது என்று விளக்குகளே சொல்லும்.

பொருளின் பக்கத்தைச் சோதிக்க மல்டிமீட்டர் போதும். பொருளைச் சுவரிலிருந்து முழுதாகக் கழற்றிவிட்டு, ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் எர்த் காலிலும் இன்னொன்றைப் பொருளின் பெயிண்ட் இல்லாத உலோகத்திலும் வையுங்கள். அயன்பாக்ஸில் தகட்டுக்குப் பூச்சு இருந்தால் திருகுத் தலையில் வையுங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்டினால் எர்த் உடம்பு வரை போகிறது. அடாப்டர் மாட்டியிருந்தால் அடாப்டரின் எர்த் காலிலிருந்து அளந்து பாருங்கள், அது உண்மையா பொய்யா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

புது ஆள்கள் அடிக்கடி கேட்கும் இன்னொன்று: சார்ஜில் போட்டபடி உலோக லேப்டாப்பின் மேல் மணிக்கட்டை வைத்தால் எறும்பு ஊர்கிற மாதிரிச் சுருசுருவென்று இருக்கிறதே, அது என்ன? சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்ட ஒரு சின்னக் கெபாசிட்டர் இருக்கும். அதன் வழியே மிகக் கொஞ்சம் கரண்ட், ஒரு மில்லிஆம்ப்ஸில் ஒரு சிறு பங்கு, லேப்டாப்பின் உலோக உடம்புக்குக் கசியும். எர்த் இருந்தால் அது அந்த வழியே போய்விடும், நமக்குத் தெரியாது. இரண்டு கால் தலையோ எர்த் இல்லாத அடாப்டரோ மாட்டினால் அது உங்கள் கை வழியாகப் போகும். ஆபத்தான அளவில்லை. மூன்று கால் கம்பிக்கு மாறிப் பாருங்கள், சுருசுரு நின்றுவிடும். ஃபிரிட்ஜ் கதவிலோ மிக்ஸியின் உலோகத்திலோ அதே உணர்வு வந்தால் மட்டும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உடனே சுவிட்சை அணைத்துக் கழற்றிவிட்டு எர்த்தைச் சோதியுங்கள்.

எதையாவது செருகியதும் ஆர்சிசிபி விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டுச் சண்டை போடாதீர்கள். எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஆர்சிசிபியைத் தூக்கி, ஒவ்வொன்றாகச் செருகி வாருங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி, பெரும்பாலும் நனைந்த மிக்ஸி அடிப்பாகமாகவோ பழைய கெட்டிலாகவோ இருக்கும். புகை, தீப்பொறி என்று போய்விட்டால் முதலில் மெயினை அணைத்துவிட்டு வெளியேறி, தீயணைக்க வரும் குடிமைத் தற்காப்புப் படையை 995இல் அழையுங்கள். மின்சாரம் ஓடும் பொருளில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

படி 7: இங்கிருந்து வேறெங்காவது போகும்போது

ஜோகூர் பாரு, கோலாலம்பூர் என்றால் ஒன்றுமே வேண்டாம், அதே 'ஜி' சாக்கெட். இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் போனால் இரண்டு உருண்டைக் கால், அது ஐரோப்பிய வகை. ஜெர்மனியிலும் கொரியாவிலும் இருக்கும் குழிவான சாக்கெட்டும் அதே குடும்பம்தான், அவற்றில் எர்த் என்பது ஓட்டை அல்ல, குழியின் ஓரத்தில் நிற்கும் உலோக நாக்கு. அதனால் ஜெர்மன் பிளக்கை சாதாரண அடாப்டரில் செருகினால் கால் இரண்டும் உள்ளே போகும், பிளக்கின் ஓரத்து எர்த் தகடு தொடுவதற்கு எதிரே அந்த நாக்கு இருக்காது. பார்த்தால் பொருந்திய மாதிரியே இருக்கும், எர்த் அந்தரத்தில் நிற்கும். ஐரோப்பியக் காபி மெஷின் வாங்கிவந்தவர்கள் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தாய்லாந்துச் சாக்கெட்டுகள் பல தட்டை, உருண்டை இரண்டையும் ஏற்கும். ஆஸ்திரேலியாவில் சாய்ந்த தட்டைக் கால். ஜப்பானில் இரண்டு தட்டைக் கால்தான், வாஷிங் மெஷினுக்கும் மைக்ரோவேவுக்கும் எர்த் கம்பி பிளக்கிலிருந்து தனியாக ஒரு பச்சை வாலாகத் தொங்கும், அதைச் சாக்கெட்டுக்குக் கீழே உள்ள திருகில் மாட்ட வேண்டும். மாட்டாமலேயே ஓடும் என்பதால் பலர் மாட்டுவதில்லை.

கடைசியாக, ஊருக்குத் திரும்பும்போது. முஸ்தபா கடையில் வாங்கிய ரைஸ் குக்கரும் கெட்டிலும் தட்டைக் காலோடு பெட்டியில் போகும். அங்கேயும் அதே முறைதான்: கம்பி கழன்றால் கம்பியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் இந்தியப் பிளக்கைப் போடுங்கள், 2000 வாட் கெட்டிலுக்கு 16 ஆம்ப்ஸ் பிளக். ஆனால் ஊரில் சந்தேகம் பொருளின் மேல் அல்ல, சுவரின் மேல் வர வேண்டும். மூன்று ஓட்டை இருக்கும், பெரிய ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இருக்காது, இல்லாவிட்டால் எர்த் குழி வரை போன கம்பி அங்கே துருப்பிடித்து அறுந்திருக்கும். தெரிந்த எலக்ட்ரீஷியனை அழைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நல்ல பிரகாசமாக எரிந்தால் சரி, மங்கலாக எரிந்தால் எர்த் பலவீனம், எரியவே இல்லை என்றால் எர்த் கிடையாது. அந்தச் சோதனையில் வீட்டு ஆர்சிசிபி விழுந்தால் பயப்பட வேண்டாம், அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

உப்பும் கரியும் போட்டு மூடிய எர்த் குழிக்குச் சித்திரை வெயிலில் அப்பா தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், மண் காய்ந்தால் தடை கூடும், அதனால்தான். பழைய வீட்டில் ஆர்சிசிபியே இல்லாவிட்டால் கெட்டிலுக்குக் கொடுத்த காசை விடக் கொஞ்சம் கூடச் செலவழித்து அதையும் போட்டுவிட்டு வாருங்கள். எர்த் சரியில்லாத வீட்டிலும் அது வேலை செய்யும், ஏனென்றால் அது எர்த் கம்பியைப் பார்ப்பதில்லை, போன கரண்ட் திரும்பி வந்ததா என்று மட்டும்தான் பார்க்கிறது.